கண் சொன்னதும் கருவி சொன்னதும்

சிவகங்கைக்கு அருகே, செம்மண் பூமியிலே, நாட்டரசன்கோட்டை என்றோர் ஊர். தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை அங்கே செவ்வாய்ப் பொங்கல். ஆண்டெல்லாம் பூட்டிக் கிடக்கும் மாளிகைகளின் தேக்குக் கதவுகள் அன்று திறக்கும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நகரத்தார் குடும்பங்கள் வந்து இறங்கும். கண்ணுடைய நாயகி கோயிலின் முன்னே பானைகள் வரிசை வரிசையாகப் பொங்கும். கண்ணோய் தீர அந்த நாயகியிடம் நேர்ந்து கொள்வோர் இன்றும் உண்டு. நம்பிக்கை அவர்களுடையது, அதைப் பற்றி இன்று நான் எழுத வரவில்லை.

நான் எழுத வந்தது, அதே நாளில், அதே ஊரில், கண்மாய்க்கரைப் பொட்டலிலே நடந்த ஒரு சின்னச் சண்டையைப் பற்றி.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். மூன்று குச்சி, ஒரு மட்டை, மயிர் உதிர்ந்த ஒரு டென்னிஸ் பந்து. ஒரு பையன் ஓடி வந்து பந்து வீசினான். குச்சி பறந்தது. பறந்த குச்சியை யாரும் பார்க்கவில்லை. "மாங்கா எறியிறான்! மாங்கா எறியிறான்!" என்று கூச்சல் கிளம்பிற்று. தகராறு முற்றியது. பையன் பந்தைக் கீழே போட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

"ஏன் தம்பி போறே?" என்று கேட்டேன்.

"எறியிறேன்னு சொல்றாங்கண்ணே. நான் எறியலை."

"யார் சொன்னது?"

"எல்லாருந்தான். கண்ணுக்கே தெரியுதாம்."

தகப்பனார் கொத்து வேலை, தாயார் சித்தாள் என்று பிறகு அறிந்தேன்.

கண்ணுக்கே தெரியுதாம்! கண்ணுடையாளின் ஊரிலே, கண்ணை நம்பாதே என்று அந்தப் பிள்ளைக்காக வாதாட வேண்டிய நிலை எனக்கு. வாதாட ஒரு வழக்கும் கையிலே இருக்கிறது. பொட்டலிலே நடந்ததல்ல அந்த வழக்கு. உலகமே பார்த்திருக்க நடந்தது. குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டவர் ஒரு தமிழர். சாட்சி சொன்னது பல்கலைக் கழகத்தின் ஆய்வுக் கூடம்.

எறிவது என்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல, தோழர்களே. வளரி எறிந்த மண் இது. சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக் கொடுத்ததை, பின்னாளில் அவரை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைப் படைத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறார். எறிகிறவனை எறிகிறான் என்றால் இந்த மண் பெருமைப்படும். எறியாதவனை எறிந்தான் என்றால்? அதற்குப் பெயர் பழி.

மெல்போர்னில் ஒரு நாள்

1995-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மைதானம். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருக்கிறார்கள். இலங்கை அணியின் சார்பில் பந்து வீசுகிறார் 23 வயது இளைஞர் முத்தையா முரளிதரன். நடுவர் டேரல் ஹேர் கையை நீட்டி, "நோ-பால்" என்கிறார். ஒரு முறையல்ல, இரு முறையல்ல. மூன்று ஓவர்களில் ஏழு முறை! கை மடங்கி நிமிர்கிறதாம். வீசவில்லையாம், எறிகிறாராம்.

அணித் தலைவர் ரணதுங்கா என்ன செய்தார்? முரளிதரனை மறுமுனையிலிருந்து வீசச் சொன்னார். அங்கே நின்ற நடுவர் நோ-பால் சொல்லவில்லை. ஒரே கை, ஒரே பந்து, ஒரே நாள். ஆனால் இரண்டு கண்கள், இரண்டு தீர்ப்புகள்!

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் இன்னொரு நடுவர், ராஸ் எமர்சன், அதையே செய்தார். முரளிதரன் தம் வழக்கமான வீச்சை விட்டுவிட்டு 'லெக் பிரேக்' வீசிப் பார்த்தார். அந்த வகைப் பந்தை எறிவது ஏறக்குறைய ஆகாத காரியம் என்பார்கள் ஆட்டம் அறிந்தோர். அதற்கும் நோ-பால் விழுந்தது. ஒரு கண் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், பிறகு எதைக் காட்டினாலும் அந்த முடிவைத்தான் அது பார்க்கும்.

யார் இந்த முரளிதரன்? தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து போனவரின் பேரன். அந்தப் பயணத்தின் வாசல் நம்முடைய பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த மண்டபம் முகாம். இலங்கைக்குப் போகும் தொழிலாளிகளை அங்கே தங்க வைத்து, நோய் நொடி உண்டா என்று உடலைச் சோதித்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். செட்டி நாட்டிலிருந்தும் இலங்கைக்குக் கப்பல் போயிற்று. வட்டிக் கணக்கெழுதும் பேரேட்டோடு போயிற்று. இரண்டு பயணங்களும் ஒரே கடல் மீதுதான். ஒன்றின் வருவாய் தேக்குத் தூண்களாகவும் இத்தாலியச் சலவைக் கற்களாகவும் நாட்டரசன்கோட்டைத் தெருக்களிலே நிற்கிறது. இன்னொன்றின் வியர்வை மலையகத்துத் தேயிலைச் சரிவிலே ஊறிப் போயிற்று. 1948-இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அந்த மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று மனிதரைப் பங்கு பிரித்தது.

பாட்டனுடைய உடலைச் சோதித்தார்கள், கூலிக்குத் தகுதி உண்டா என்று. பேரனுடைய உடலையும் சோதித்தார்கள், பந்து வீசத் தகுதி உண்டா என்று. ஆனால் இரண்டாவது சோதனையில் ஒரு வேறுபாடு இருந்தது. அதை முதலாளியின் ஆள் செய்யவில்லை. அறிவியல் செய்தது.

சுவரில் ஒரு நிழல்

1996-இல் முரளிதரன் போய் நின்றது, பெர்த் நகரிலுள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக் கழகத்தில். அங்கே உடலசைவு இயக்கவியல் பேராசிரியர் புரூஸ் எலியட். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்திலும் ஆய்வு நடந்தது. குற்றம் சாட்டிய நாடு எதுவோ, அந்த நாட்டின் பல்கலைக் கழகமே உண்மையைத் தேடிச் சொன்னது என்பதை மறக்கக் கூடாது. அறிவுக்கு நாட்டெல்லை இல்லை. நாட்டெல்லை இருந்தால் அது அறிவில்லை.

எப்படி அளக்கிறார்கள்? தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னஞ்சிறு உருண்டைகளை ஒட்டுகிறார்கள். சுற்றிலும் பல ஒளிப்படக் கருவிகள். திரைப்படத்துக்கு நொடிக்கு 24 படம். இந்தக் கருவிகளோ நொடிக்கு நூற்றுக்கணக்கான படம் பிடிப்பவை. பல கோணத்துப் படங்களையும் கணிப்பொறி ஒன்று சேர்த்து, ஒவ்வொரு கணத்திலும் முழங்கை எத்தனை பாகை மடங்கியிருக்கிறது என்று கணக்கிடுகிறது.

ஒன்றை மனத்திலே நிறுத்திக் கொள்ள வேண்டும். கை மடங்கியிருப்பது குற்றமல்ல. கை தோள் உயரத்துக்கு வந்த கணம் முதல், பந்து விரலை விட்டு விடுபடும் கணம் வரை, மடங்கிய முழங்கை நிமிர்வதுதான் குற்றம். மடங்கியது மடங்கியபடியே சுழன்றால் அது வீச்சு. மடங்கியது விசையோடு நிமிர்ந்தால் அது எறி.

முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுக்க நீட்ட முடியாதது. எத்தனை முயன்றாலும் நேர்க்கோடாகாத கை. அத்தோடு, நம்மில் பலருக்கு இல்லாத அளவு சுழலும் தோளும் மணிக்கட்டும். அப்படியானால் நடுவரின் கண்ணுக்கு நிமிர்வதாகத் தெரிந்தது ஏன்?

வீட்டிலே செய்து பார்க்கலாம். செலவில்லாத சோதனை. வளைந்த கம்பி ஒன்றை, அல்லது கோணலான ஒரு குச்சியை எடுத்துக் கொள்ளுங்கள். இரவிலே ஒரு விளக்கின் முன்னே பிடித்து, சுவரிலே விழும் நிழலைப் பாருங்கள். பிடித்த பிடியை விடாமல் கம்பியை மெல்லச் சுழற்றுங்கள். சுவரிலே நிழல் ஒரு கணம் வளைந்திருக்கும். மறுகணம் நிமிர்ந்து நேராகும். பிறகு மீண்டும் வளையும். கம்பி நிமிர்ந்ததா? இல்லை. இரும்பு இருந்தபடியேதான் இருக்கிறது. நிமிர்ந்தது நிழல்!

மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து பார்க்கும் கண் காண்பதும் அப்படி ஒரு நிழலைத்தான். பல பக்கத்திலிருந்தும் அளந்த கருவியோ கம்பியைக் கண்டது. எறிவது போன்ற தோற்ற மயக்கம் என்று ஆய்வுக் கூடம் சொன்னது. முரளிதரன் பந்து வீசலாம் என்று உலகக் கிரிக்கெட் மன்றம் சொன்னது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டி சொன்னாள். பாட்டி சொன்னதைப் பெர்த் நகரத்துப் பேராசிரியர் பாகைக் கணக்கிலே எழுதிக் காட்டினார், அவ்வளவுதான்.

படிக்காதவனுக்கு இது புரியுமா என்று கேட்பவர் உண்டு. படித்தவனைவிட நன்றாகப் புரியும்! நாட்டரசன்கோட்டை மாளிகைகளைக் கட்டிய கொத்தனார், தம் கண்ணை நம்பியா சுவர் எழுப்பினார்? தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார். மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். "எனக்கு நேராகத்தான் தெரிகிறது" என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால், வீட்டுக்காரர் அடுத்த நாள் வேறு ஆளைத் தேடுவார். சுவருக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதியா?

கருவியை எல்லோர் மீதும் திருப்பியபோது

வழக்கு அத்தோடு முடியவில்லை. 1999-இல் அடிலெய்டில் அதே எமர்சன் மீண்டும் நோ-பால் சொன்னார். ரணதுங்கா தம் அணியையே மைதானத்தின் எல்லைக்கு அழைத்துச் சென்று நின்றார். மீண்டும் சோதனை, மீண்டும் விடுதலை. 2004-இல் 'தூஸ்ரா' என்ற புதுவகைப் பந்தின் மீது குற்றச்சாட்டு. ஆஸ்திரேலியாவின் பிரதமர் ஜான் ஹோவர்டே, முரளிதரன் எறிகிறவர்தான் என்று பேசிவிட்டார். ஒரு நாட்டின் தலைமை அமைச்சருக்கு வேறு வேலை இல்லை போலும்!

இந்த முறை ஆய்வுக் கூடம் என்ன சொன்னது? மறைக்காமல் எழுத வேண்டும். தூஸ்ரா வீசும்போது முழங்கை ஏறக்குறைய 14 பாகை நிமிர்வதாகவும், பயிற்சிக்குப் பின் அது 10 பாகை அளவுக்குக் குறைந்ததாகவும் பெர்த் ஆய்வு கண்டது. அன்றைய விதிப்படி சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதி 5 பாகைதான். நடுத்தர வேகத்துக்கு ஏழரை. வேகப் பந்துக்கு 10. ஆக, விதிப்படி முரளிதரனின் தூஸ்ரா தவறு.

ஒருவன் மீது மட்டும் திருப்பிய கருவி அங்கேயே நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அறிவியலின் இயல்பு அங்கே நிற்பதல்ல. 'சரி, மற்றவர்களின் முழங்கை எப்படி?' என்று கேட்பதே அதன் இயல்பு. அளந்தார்கள். அனைத்து நாட்டு வீச்சாளர்களையும் படம் பிடித்து அளந்தார்கள். கிடைத்த விடை கிரிக்கெட் உலகைத் தூக்கி வாரிப் போட்டது. ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் நிமிர்கிறது! அப்பழுக்கில்லாத வீச்சு என்று புகழப்பட்ட வேகப் பந்து வீச்சாளர்கள் பலர் தமக்குரிய அளவையே தாண்டியிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை.

அதன்பின், எல்லா வகை வீச்சாளருக்கும் 15 பாகை என்று ஒரே அளவு வகுக்கப்பட்டு, 2005-ஆம் ஆண்டு மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. முரளிதரனுக்காக விதியை வளைத்தார்கள் என்று முணுமுணுப்போர் இன்றும் உண்டு. வளைக்கவில்லை, தோழர்களே. வளைந்து கிடந்த விதியைத்தான் நிமிர்த்தினார்கள்! ஒருவனுக்கு மட்டும் தராசு வைத்து, மற்றவர்களுக்குக் கண்ணளவு போட்டது பழைய முறை. எல்லோருக்கும் ஒரே தராசு என்பது புது முறை.

அந்தத் தராசு தப்பு செய்தவனையும் தப்ப விடவில்லை. 2014-இல் பாகிஸ்தானின் புகழ் பெற்ற வீச்சாளர் சயீத் அஜ்மல் அளக்கப்பட்டார், 15 பாகையை மிகவும் தாண்டியிருந்தார், நிறுத்தப்பட்டார். சாட்சி எல்லோருக்கும் பொதுவானது.

2010-ஆம் ஆண்டு ஜூலையில், காலி மைதானத்தில், தம் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் முரளிதரன் எடுத்தது 800-ஆவது விக்கெட். அந்த எண்ணை இன்றுவரை யாரும் எட்டவில்லை. 1995-இல் கண்ணின் தீர்ப்பே முடிந்த முடிவாகியிருந்தால் அந்த ஏட்டில் இந்தப் பக்கமே இராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். முரளிதரனின் அரசியல் பேச்சுகள் தமிழர் நெஞ்சைப் புண்படுத்தியிருக்கின்றன. 2020-இல் அவரது வாழ்க்கைப் படத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் கிளம்பிய எதிர்ப்பும், நடிகர் விஜய் சேதுபதி அதிலிருந்து விலகியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஈழத்திலே சிந்திய இரத்தத்தை மறந்து அவருக்கு மாலை போட நான் வரவில்லை. ஆனால் ஒருவருடைய கருத்து நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவருடைய முழங்கையைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. பிடித்தவனுக்கு ஓர் அளவு, பிடிக்காதவனுக்கு ஓர் அளவு என்பதுதானே நாம் எதிர்த்துப் போராடி வரும் முறை!

ஒரு தங்கையின் கதை

இனி மறுபக்கம். கருவி என்றால் எல்லாம் நீதி என்று எண்ணிவிடக் கூடாது.

சிவகங்கைக்கு அடுத்த மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே கத்தக்குறிச்சி என்ற சிற்றூர். செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில், ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் ஓடினார். பசியோடு ஓடினார். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். தமிழ்நாடு துள்ளிக் குதித்தது. ஆனால் சில நாளிலே, பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள்.

சாந்தி ஊக்க மருந்து தின்றாரா? இல்லை. யாரையாவது ஏமாற்றினாரா? இல்லை. இயற்கை தந்த உடலோடு ஓடினார். முரளிதரனும் இயற்கை தந்த கையோடுதான் வீசினார். ஒருவருக்காக ஒரு நாட்டின் கிரிக்கெட் வாரியம் நின்றது; அணித் தலைவர் நின்றார்; பல்கலைக் கழகங்கள் பலமுறை அளந்தன; கடைசியில் விதியே மாறிற்று. இன்னொருவருக்காக விளையாட்டு அமைப்புகளில் நின்றவர் யார்? அன்றைய முதலமைச்சர் கலைஞர் 15 இலட்சம் ரூபாய் வழங்கி, தமிழ்நாடு உன்னைக் கைவிடவில்லை என்று காட்டினார். அது ஆறுதல். ஆனால் பதக்கம் போனது போனதுதான். பின்னாளில் அவர் செங்கல் சூளையிலே கூலி வேலை செய்த செய்தியையும் நாடு படித்தது. பிறகுதான் அரசின் விளையாட்டுத் துறையில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

ஒன்பது ஆண்டு கழித்து, 2015-இல், ஒடிசாவின் நெசவாளர் வீட்டு மகள் டூட்டி சந்த் இதே வகைத் தடையை எதிர்த்து உலக விளையாட்டு நடுவர் மன்றத்தில் வாதாடினார். மன்றம் என்ன கேட்டது? 'உடலில் இயல்பாகச் சுரக்கும் ஒரு பொருள் இத்தனை கூடினால் ஓட்டத்தில் இத்தனை கூடுகிறது என்பதற்குப் போதிய அறிவியல் சான்று எங்கே?' என்று கேட்டது. தடகளக் கூட்டமைப்பால் போதிய சான்று காட்ட முடியவில்லை. விதி நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தத் துறையில் விதிகள் பின்னர் பலமுறை மாறின. வழக்கும் வாதமும் ஓயவில்லை. ஆனால் டூட்டி கேட்ட கேள்வியைக் கேட்க, 2006-இல் சாந்தியின் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆய்வாளரும் இருந்திருந்தால்?

இதுதான் நம் பாடம். கருவி ஒரு கத்தி. அது நெல் அறுக்கிறதா, கழுத்தை அறுக்கிறதா என்பது பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தேவை வெறும் கருவியன்று. கருவி சொன்னதைக் கேள்வி கேட்டுப் பார்க்கும் உரிமையும்தான்.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

1996-இல் முரளிதரன் அளந்து பார்க்கப் பெர்த்துக்குப் போக வேண்டியிருந்தது. இன்று போக வேண்டாம். சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக் கழகத்தின் விளையாட்டு அறிவியல் நடுவத்தை, முழங்கை அளக்கும் நிலையமாக உலகக் கிரிக்கெட் மன்றம் 2014-இல் ஏற்றுக் கொண்டது. மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைன் கடல் கடந்து வந்து 2015-இல் தம் வீச்சை அளந்து காட்டியது அங்கேதான்.

சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர்கள் குத்துச் சண்டையை எடுத்துக் கொண்டார்கள். கையுறைக்குள்ளே குத்தின் விசையை அளக்கும் உணரி. காலணிக்குள்ளே, தரையைக் கால் எப்படி உதைக்கிறது என்று அளக்கும் தகடு. தசையின் மின்துடிப்பைப் படிக்கும் பட்டை. 'ஸ்மார்ட் பாக்ஸர்' என்று அதற்குப் பெயரிட்டு 2022-இல் அறிவித்தார்கள். குத்து கையிலிருந்து பிறப்பதில்லை, காலிலிருந்து பிறக்கிறது என்பதை எண்ணிலே காட்டும் கருவி இது. குத்துச் சண்டை யாருடைய ஆட்டம்? வடசென்னையின் மூட்டை தூக்கும் தோள்களுடைய ஆட்டம். அந்தத் தோளுக்கும் கிண்டியின் கருவிக்கும் நடுவே சில கல் தொலைவுதான். ஆனால் அதைக் கடக்க ஒரு பாலம் வேண்டும்.

விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக் கழகத்தைச் சட்டம் இயற்றி அமைத்த மாநிலம் நம்முடையது. மேலக்கோட்டையூரில் இருக்கிறது தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக் கழகம். 1920-லேயே சென்னையில் உடற்கல்விக் கல்லூரி கண்ட நாடு இது.

எல்லாம் சரி. ஆனால் எல்லாம் எங்கே இருக்கின்றன? போரூர், கிண்டி, மேலக்கோட்டையூர். சென்னையும் சென்னையைச் சுற்றியும்! நாட்டரசன்கோட்டைப் பிள்ளை ஒரு நாள் அளந்து பார்க்க வேண்டுமானால், தகப்பனுக்கு இரண்டு நாள் கூலி போகும். பயணச் செலவும் சேர்ந்தால் ஒரு வாரச் சாப்பாடு போகும். பெர்த் அருகே வந்துவிட்டது. ஆனால் ஏழைக்குச் சென்னையே பெர்த்தாக இருக்கிறது.

அப்படியானால் இங்கே ஒன்றுமில்லையா? கண்ணைத் திறந்து பார்த்தால் காரைக்குடி தெரியும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வுக் கழகம் அங்கே திறக்கப்பட்டது. இரத்தத்தில் சர்க்கரை அளக்கும் சிறு பட்டை இருக்கிறதே, அது மின்வேதியியல். வியர்வையிலே போகும் உப்பை அளக்கும் உணரியும் மின்வேதியியல். வியர்வையை அளக்கத் தெரிந்த அறிவு, வியர்வை சிந்துகிறவனின் வாசலிலே இருக்கிறது! அதே ஊரில் அழகப்பா பல்கலைக் கழகம். அதற்குள்ளே உடற்கல்விக் கல்லூரி. அதே ஊரில் அழகப்பர் பெயரால் அரசுப் பொறியியல் கல்லூரி. உடலை அறிந்தவர், இயந்திரம் அறிந்தவர், உணரி அறிந்தவர் என மூவரும் ஒரே ஊரில் வாழ்கிறார்கள். மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய மூன்று மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஓர் அளவை நிலையம் பிறக்கும்.

முட்டியும் கூலியும்

பந்து வீசுகிறவன் பிரச்சினை இது, நமக்கென்ன என்று தொழிலாளத் தோழர் எவரும் எண்ண வேண்டாம். நம் ஊர்களிலே இரவு விளக்குப் போட்டுக் கபடி ஆடுகிறோமே, அதில் முட்டி திரும்பி விழுந்தவர் எத்தனை பேர்? ஆட்டத்தில் போன முட்டி மறுநாள் வேலையில் கூலியாகப் போகிறது. சுமை தூக்குகிறவனுக்கு முட்டி போனால் வாழ்வே போயிற்று.

இதற்கு அறிவியல் கண்ட மருந்து, விலையுயர்ந்த கருவியன்று. காயம் பெரும்பாலும் குதித்து இறங்கும்போதும் திடீரெனத் திரும்பும்போதும், முட்டி உள்பக்கம் சாய்வதால் வருகிறது என்று ஆய்வாளர் கண்டார்கள். ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் செய்ய வேண்டிய ஓட்டம், தாவல், ஒற்றைக் காலில் நிற்றல், தொடைத் தசைப் பயிற்சி ஆகியவற்றை வரிசைப்படுத்தினார்கள். நார்வே நாட்டில் 1,800-க்கும் மேற்பட்ட இளம் பெண் கால்பந்தாட்டக்காரர்களிடம் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவு. பத்துப் பைசா செலவில்லை! ஆனால் இதைத் தமிழில், படம் போட்டு, பொட்டல் பொட்டலாகக் கொண்டு போய்ச் சேர்த்தது யார்? பல்கலைக் கழகம் கண்டது பல்கலைக் கழகத்துக்குள்ளேயே தூங்கினால், அது அறிவு அல்ல, பெட்டகத்து நகை.

நாம் கேட்பது

நாம் கேட்பது பிச்சையன்று, உரிமை. ஆய்வுக் கூடங்கள் எழுந்தது நம் வரிப்பணத்தில்.

காரைக்குடியில் உள்ள கல்வி நிலையங்களை இணைத்து, தென் மாவட்டங்களுக்கென ஒரு விளையாட்டு அளவை நிலையம் அமைக்கப்பட வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அங்கே கட்டணம் கூடாது. வந்து போகும் செலவும் கொடுக்க வேண்டும்.

ஊருக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக, கருவிகளோடு ஒரு வண்டி மாதம் ஒரு முறை ஒன்றியம் தோறும் போக வேண்டும். இரத்தம் சோதிக்க வண்டி வருகிறது. கண் சோதிக்க முகாம் நடக்கிறது. முட்டியைச் சோதிக்க ஏன் வரக் கூடாது?

பள்ளி தோறும் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். காலியிடம் காலியாகவே கிடந்தால், எந்தக் கருவியும் தானாக நடந்து வராது. அந்த ஆசிரியர்களுக்குக் காயம் தடுக்கும் பயிற்சியைத் தமிழிலே கற்றுத் தர வேண்டும்.

எந்தப் பிள்ளையின் மீது எந்தச் சோதனை நடந்தாலும், அதன் முடிவை அந்தப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். ஊருக்கு உரக்கச் சொல்லக் கூடாது. மறுத்துக் கேட்க வழி வேண்டும். சாந்திக்கு நேர்ந்தது இனி ஒரு தங்கைக்கும் நேரக் கூடாது.

இவற்றைக் கோட்டையிலே உள்ளவர்கள் செய்யட்டும். அவர்கள் செய்யும்வரை, படிப்பகம் நடத்தும் நம் தோழர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் இருக்கும் தொலைபேசியே பந்து வீச்சை மெதுவாக ஓட்டிக் காட்டும். இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு தொலைபேசியில் படம் பிடித்துப் பாருங்கள். அது பெர்த் ஆய்வுக் கூடம் ஆகாது. பாகைக் கணக்குச் சொல்லாது. ஆனால் 'கண்ணுக்கே தெரியுது' என்று கூச்சல் போடும் முன் ஒரு முறை நின்று யோசிக்க வைக்கும். அந்த ஒரு கண நிதானமே பாதிப் பகுத்தறிவு.

பொட்டலிலே அன்று அதைத்தான் செய்தோம். நடையைக் கட்டிய பையனைத் திரும்ப அழைத்தேன். அவன் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினான். முழுதும் நீளவில்லை; முழங்கையருகே சற்று வளைந்தே நின்றது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து ஒடிந்து, கட்டுப் போட்டு, கோணலாகக் கூடிய எலும்பாம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்கள். நிமிரவில்லை. கூச்சல் போட்டவனே பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்தான்.

அவன் எறிகிறானா, வீசுகிறானா? எனக்குத் தெரியாது. என் கண்ணும் கண்தானே! அதை அளந்து சொல்ல ஓர் இடம் இந்தச் சீமையிலே வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.